நகைக்கடை முதலாளிகளே, பில்லைப் பிரித்து எழுதுங்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் நகைக்கடை நடத்தும் முதலாளிமார்களுக்கும், உங்கள் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் நகை வியாபாரி இல்லை. வங்கியில் நகைக்கடன் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், திருப்பாதிரிப்புலியூர்க்காரி. நீங்கள் விற்கிற நகை கடையை விட்டுப் போகும்போது எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும், அடகுக்கு வரும்போது எப்படி வருகிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். தை மாசம் லாரன்ஸ் ரோட்டிலோ பாண்டி நேரு வீதியிலோ வாங்கின ஆரம், ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும்போது கவுன்ட்டருக்கு வந்துவிடும். மதிப்பீட்டாளர் கல்லைக் கழிப்பார், அரக்கைக் கழிப்பார், நூலைக் கழிப்பார், கடைசியில் ஒரு நிகர எடை சொல்வார். "கடையில மூணு பவுன்னு சொல்லித்தானே சார் குடுத்தாங்க?" என்று அந்த அம்மா கேட்பார். மூன்று பவுன்தான், கல்லையும் சேர்த்து. சரி, பில்லைக் கொடுங்கள் என்றால் மணிபர்சிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருக்கும், கீழே ஒரு மொத்தத் தொகை, நடுவில் பேனாவால் நாலு கிறுக்கல். அதை வைத்துக்கொண்டு எந்த ஆபீஸுக்கும் போக முடியாது.

அந்தத் துண்டுச் சீட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

ஹால்மார்க் வந்துவிட்டது, இனிமேல் யாரும் ஏமாற்ற முடியாது என்று ஜனங்கள் நம்புகிறார்கள், நீங்களும் அப்படித்தான் பேனர் வைக்கிறீர்கள். வந்தது நல்லதுதான். 2021 ஜூன் மாசம் 256 மாவட்டங்களில் கட்டாயமாகத் தொடங்கியது, 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க ஹெச்யூஐடி எண் (ஒவ்வொரு நகைக்கும் தனியாகக் கொடுக்கிற அடையாள எண்) இல்லாத தங்க நகையை ஹால்மார்க் என்று சொல்லி விற்கக் கூடாது என்றாகிவிட்டது. இப்போது நகையில் பார்க்க வேண்டியவை மூன்று: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முக்கோணம், 22கே916 (22 காரட், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம்) மாதிரி தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறு இலக்கம். போனில் பிஐஎஸ் கேர் ஆப்பை இறக்கி அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால், முத்திரை போட்ட மையம் எது, கொடுத்த நகைக்கடையின் பதிவு எண் என்ன, என்ன நகை, என்ன தரம், எந்தத் தேதி என்று வந்துவிடும். செயினில் இருக்கிற எண்ணைப் போட்டு 'மோதிரம்' என்று காட்டினால் அந்த எண் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். இதைக் கவுன்ட்டரில் உட்கார்ந்தபடியே இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்து என்பதால் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் கடையில் இருக்க வேண்டும் என்பதும் விதி. லென்ஸைக் கேட்டால் பல கடைகளில் தம்பிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

ஆனால் ஹால்மார்க் பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு: இந்தத் தங்கம் எவ்வளவு சுத்தம்? இதில் தங்கம் எத்தனை கிராம், கல் எத்தனை கிராம், சேதாரம் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள், செய்கூலி தனியா சேர்த்தா, இதற்கெல்லாம் பில்தான் பதில் சொல்ல வேண்டும். தரத்தில் கை வைக்க வழியில்லாமல் போனதும், உங்களில் சில பேர் கையை எடைக்கும் கல்லுக்கும் சேதாரத்துக்கும் நகர்த்திவிட்டார்கள். எல்லாரையும் சொல்லவில்லை. ஒரு மில்லிகிராம் கூட விடாமல் எழுதிக் கொடுக்கிற கடைகளின் பில்லையும் நான் பார்த்திருக்கிறேன், அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மடலில் கோபப்பட ஒன்றுமில்லை.

கல்லை எடுத்துக்கொள்வோம். கணக்கு லேசாக இருக்கட்டும் என்று தங்கம் கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், உண்மையான ரேட் உங்கள் போர்டிலேயே தொங்குகிறது. ஒரு நெக்லஸ் மொத்த எடை 24 கிராம், அதில் சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் சேர்ந்து இரண்டரை கிராம். அந்தக் கல்லைத் தனியாக வாங்கினால் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அதைத் தங்க ரேட்டில் போட்டால் 25,000 ரூபாய். அதோடு முடிந்ததா என்றால் இல்லை, சேதார சதவீதமும் அந்த 24 கிராமுக்கே போடப்படுகிறது, அதாவது கல்லுக்கும் சேதாரம். அப்புறம் 'ஸ்டோன் சார்ஜ்' என்று தனியாக ஒரு தொகை வேறு. ஒரே கல்லுக்கு மூன்று தடவை காசு, மொத்தத்துக்கும் மேலே 3 சதவீதம் ஜிஎஸ்டி. பழைய நகையாக அதே நெக்லஸ் அதே கடைக்குத் திரும்பி வந்தால் முதல் வேலையாகக் கல்லைப் பெயர்த்துத் தட்டில் போட்டுவிட்டுத்தான் எடை பார்க்கிறீர்கள். விற்கும்போது தங்கமாக இருந்த கல், வாங்கும்போது கல்லாகிவிடுகிறது.

அரக்கு விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் கல்லாவது கண்ணுக்குத் தெரியும். தாலிக்கயிற்றில் கோர்க்கிற குண்டு, காசுமாலைக்கு இடையில் வருகிற மணி, பெரிய ஜிமிக்கி, இதெல்லாம் உள்ளே கூடாக இருக்கும், நசுங்காமல் இருக்க அரக்கு அடைப்பது பத்தர்கள் காலத்திலிருந்தே வழக்கம். அதில் தப்பு இல்லை, அரக்கு எத்தனை கிராம் என்று எழுதாமல் விடுவதுதான் தப்பு. நெய்வேலிப் பக்கம், குறிஞ்சிப்பாடிப் பக்கம் கிராமத்திலிருந்து வருகிற பெண்கள் தாலியைக் கழற்றி அடகு வைக்கிற அளவுக்கு வந்தால் வேறு எதுவும் மிச்சம் இல்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில்தான் அவர்களுக்கு முதல் தடவையாகத் தெரிகிறது, இத்தனை வருஷம் கழுத்தில் போட்டிருந்ததில் கொஞ்சம் அரக்கு என்று.

ஹால்மார்க் போட்ட நகைக்கான பில்லில் நகையின் விவரம், நிகரத் தங்க எடை, காரட்டும் தரமும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும் என்று பிஐஎஸ் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. அதனால் புதிதாக ஏதோ சலுகை கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாயும் அதற்கான வரியும்தான். 'ஹால்மார்க் செலவு இருக்குல்ல மேடம்' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் ஏற்றுகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

சேதாரத்துக்கு வருவோம். பத்தர் கையால் இழைத்து அராவிய காலத்தில் பொடியாகப் போன தங்கத்துக்கு சேதாரம் என்று போட்டார்கள், நியாயம் இருந்தது. இப்போது செயின் மெஷினில் வருகிறது, சிந்தின பொடியைக் கூட்டி அள்ளி மறுபடியும் உருக்கிவிடுகிறீர்கள். ஆனாலும் சதவீதம் மட்டும் குறையவில்லை. நாலு பவுன் செயின், 32 கிராம், 12 சதவீதம் சேதாரம் என்றால் 3.84 கிராம், 20 சதவீதம் என்றால் 6.4 கிராம். இரண்டுக்கும் வித்தியாசம் 2.56 கிராம், நம் கணக்குப்படி 25,600 ரூபாய். ஒரே செயினுக்கு, ஒரே நாளில், ஆளைப் பார்த்து இந்த இரண்டு சதவீதத்தையும் சொல்கிற கடைகள் இருக்கின்றன. வாய் பேசத் தெரிந்தவருக்கு 12, பஸ் ஏறிப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து முந்திரி விற்ற காசோடு வருகிறவருக்கு 20. சேதாரத்துக்கு அரசாங்கம் உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை, தெரியும். உங்கள் விலை உங்கள் உரிமை. அந்த விலையை நகையில் தொங்குகிற டேக்கிலேயே அச்சடித்துவிடுங்கள், யார் வந்து கேட்டாலும் ஒன்றாக இருக்கட்டும், பேரம் பேசுகிறவர் அதிலிருந்து குறைத்துக்கொள்ளட்டும்.

டேக் என்றதும் இன்னொன்று. எடை போடும்போது அந்த டேக்கையும் நூலையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். தராசு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று வாடிக்கையாளர் பார்த்த பிறகு நகையை வையுங்கள், காற்றில் ஆடாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கட்டும். 0.1 கிராம் என்றால் ஆயிரம் ரூபாய். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும், அந்தச் சான்றிதழ் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். கடலூரில் இதைத் தொழிலாளர் துறைக்காரர்கள் பார்க்கிறார்கள், பாண்டியில் அந்த அரசின் எடையளவுத் துறை. சாமி படத்துக்குப் பின்னால் மாட்டியிருக்கிற சான்றிதழை நானே எக்கி நின்று படித்திருக்கிறேன்.

'கேடிஎம்' போர்டுகளை எப்போது கழற்றுவீர்கள்? காட்மியம் வைத்துப் பற்ற வைத்தால் தரம் குறையாது என்பதால் ஒரு காலத்தில் பெருமையாகச் சொன்னார்கள், அந்தப் புகை பற்ற வைக்கிறவரின் நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் கைவிட்டார்கள். இன்றைக்கு அந்த எழுத்துக்கு எந்தச் சான்றும் கிடையாது, ஹால்மார்க்குக்குச் சமமும் கிடையாது. வயசானவர்கள் இன்னும் '916 கேடிஎம்மா தம்பி?' என்றுதான் கேட்கிறார்கள், 'ஆமாம்மா' என்று தலையாட்டுவதற்குப் பதில் முக்கோணத்தைக் காட்டுங்கள்.

இப்போது ஏழைகளின் தங்கம். இரண்டு கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. மூக்குத்தி, காதுகுத்துக்கு வாங்குகிற பொடிக் கம்மல், மாமன் சீராகப் போடுகிற ஒரு கிராம் மோதிரம், தாலி உரு, எல்லாம் இதில் அடங்கிவிடும். முதுநகர்த் துறைமுகத்தில் மீன் விற்கிற பெண்கள் வருஷத்துக்கு வாங்குகிற மொத்தத் தங்கமே இதுதான். ஒரே தடவையில் பத்துப் பவுன் வாங்குகிறவருக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது, அரை கிராம் அரை கிராமாகச் சேர்க்கிறவருக்கு உங்கள் வார்த்தைதான் காவல். அந்தப் பொடி நகைக்கும் 'தரம் 22 காரட், எடை இவ்வளவு' என்று பில்லில் எழுதிக் கடை முத்திரை போட்டுக் கொடுப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? நாளைக்கு அது 18 காரட்தான் என்று தெரிந்தால் அந்தப் பில்தான் அவருக்கு ஒரே பிடி. ஒரு பவுன் 22 காரட்டில் சுத்தத் தங்கம் 7.33 கிராம் இருக்கும், 18 காரட்டில் 6 கிராம்தான். கண்ணால் பார்த்து எந்த அம்மாவாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

வருஷ விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கிற கடைக்கும் விலக்கு உண்டு. 'நாங்க சின்ன கடைம்மா, எங்களுக்கு ஹால்மார்க் கிடையாது' என்று சொல்கிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். கிராம் பத்தாயிரம் என்றால் 40 லட்சம் என்பது 400 கிராம், வெறும் 50 பவுன். வருஷம் முழுக்க 50 பவுன் கூட விற்காத கடை மெயின் ரோட்டில் ஏசி போட்டு நாலு ஆள் சம்பளம் கொடுத்து எப்படி நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பில் போடாமல் விற்றால் கணக்கில் 40 லட்சத்தைத் தாண்டாது என்பது மட்டும் புரிகிறது.

'பில் வேண்டாம்னா 3 பர்சன்ட் மிச்சம் மேடம்' என்கிற பேச்சும் அங்கிருந்துதான் வருகிறது. நாலு லட்சத்துக்கு 12,000 ரூபாய் மிச்சம், கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்த 12,000 ரூபாயில் நீங்கள் விற்றுவிட்டு வருவது புகார் கொடுக்கிற உரிமையை. ஹால்மார்க் நகையில் தரம் குறைவு என்று நிரூபணமானால், அந்தக் குறைவுக்கான வித்தியாசத் தொகையைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் கொடுக்க வேண்டும் என்று 2018-ம் வருஷத்து பிஐஎஸ் விதிகளில், 49-ம் விதியில் இருக்கிறது. பில் இல்லாமல் எந்தக் கடையில் வாங்கினேன் என்று எதைக் காட்டி நிற்பது?

பழைய நகையை மாற்றுகிற இடத்தில்தான் அதிகமாக வயிறு எரிகிறது. 'ஹால்மார்க் இல்லாத பழைய நகை இனிமேல் செல்லாதும்மா, பாதி விலைதான் வரும்' என்று ஒரு வயசான அம்மாவை மிரட்டின கதையை என் கவுன்ட்டரிலேயே கேட்டிருக்கிறேன், கடைப் பெயர் எதற்கு. ஹால்மார்க் கட்டாயம் விற்கிற கடைக்காரருக்குத்தான், வீட்டுப் பெட்டியில் இருக்கிற பாட்டி நகைக்கு அந்தச் சட்டம் எதுவும் செய்யாது, அதை யாரும் எப்போதும் விற்கலாம். அப்புறம் காரட் மீட்டர், தங்கத்தின் தரத்தை அளந்து காட்டுகிற மெஷின். அது மேல்பரப்பைத்தான் பார்க்கிறது. பற்ற வைத்த மூட்டில் வைத்துப் பார்த்தால் தரம் குறைத்துத்தான் காட்டும், ஏனென்றால் பற்றுப்பொடி வைத்த இடத்தில் தங்கம் குறைவு. நாலு இடத்தில் வைத்துப் பாருங்கள், திரையை எங்கள் பக்கம் திருப்புங்கள். உருக்குவதாக இருந்தால் உள் அறைக்கு எடுத்துப் போகாமல் எங்கள் கண் எதிரில் உருக்குங்கள், உருக்குவதற்கு முன்னும் பின்னும் எடையை எழுதுங்கள். இன்னொரு கடை 916 என்றால் விலை குறைப்பது, சொந்தக் கடை 916 என்றால் முழு விலை என்பதும் விசித்திரம். தரத்துக்குச் சான்று கொடுத்தது பிஐஎஸ் மையம், கடைப் பெயர் இல்லையே.

சந்தேகம் இருக்கிறவர்கள் விற்பதற்கு முன்னாலேயே பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் சோதித்துக்கொள்ளலாம். நாலு நகை வரைக்கும் மொத்தமாக 200 ரூபாய், அதற்கு மேல் போனால் நகைக்கு 45 ரூபாய் என்பதுதான் கட்டணம், வரி தனி. மையங்களின் பட்டியல் பிஐஎஸ் இணையதளத்தில் இருக்கிறது.

நகைச்சீட்டைப் பற்றி நீளமாக எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். பதினொரு மாசச் சீட்டு ஏன் பதினொரு மாசம் என்றால், பொருளுக்காக வாங்கின முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுக்காவிட்டால் கம்பெனிச் சட்ட விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும். இதைத் தாண்டி 'வட்டி தருகிறோம், இரண்டு வருஷம் போடுங்கள்' என்று எந்தக் கடை சொன்னாலும் அங்கே காசு போடக் கூடாது. 2023-ல் திருச்சியைத் தலைமையாகக் கொண்ட ஒரு நகைக்கடை பல ஊர்க் கிளைகளை இழுத்து மூடி, சீட்டுக் கட்டினவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் நின்றதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் ஒன்று செய்யலாம்: மாசா மாசம் கட்டுகிற பணம் அன்றைய ரேட்டில் கிராமாக வரவாகிறதா, பணமாகவே நிற்கிறதா என்று பாஸ் புக்கின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். ரேட் ஏறுகிற காலத்தில் பணமாக நிற்கிற சீட்டில் கட்டுகிறவருக்குத்தான் நஷ்டம். 'சேதாரம் இல்லை' என்று சொல்கிற சீட்டில், எத்தனை சதவீதம் வரைக்கும் இல்லை என்பதும் அங்கேயே இருக்கட்டும், கடைசி மாசம் நகை எடுக்கும்போது சொல்ல வேண்டாம்.

கடலூரிலிருந்து பாண்டிக்குப் போய் வாங்குகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு, வேற மாநிலம், வேற போலீஸ், யாரிடம் போய்க் கேட்பது என்று. 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நேரு வீதியில் வாங்கின நகைக்கு மஞ்சக்குப்பத்துக்காரர் கடலூரிலேயே மனுக் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கொடுத்து வாங்கின பொருள் என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிவு செய்யலாம், தரம் பற்றிய புகாரை பிஐஎஸ் கேர் ஆப்பிலேயே போடலாம். எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: பில் இருக்கா?

ஆகவே முதலாளிமார்களே, நான் கேட்பது உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பில் ஃபார்மட்டை மாற்றுகிற வேலை. மொத்த எடை, கல் எடை, அரக்கு எடை, நிகரத் தங்க எடை, தரம், ஹெச்யூஐடி எண், அன்றைய ரேட், சேதாரம் எத்தனை சதவீதம் எத்தனை கிராம், செய்கூலி, கல் விலை, ஹால்மார்க் கட்டணம், ஜிஎஸ்டி. ஒவ்வொன்றும் தனி வரியில், முடிந்தால் தமிழில். பணம் வாங்குவதற்கு முன்னால் இதை அச்சடித்துக் கையில் கொடுங்கள், அந்த அம்மா கூட வந்த பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். எஸ்டிமேட் சீட்டு என்கிற வழக்கத்தையே விட்டுவிடுங்கள். ஆடிப்பெருக்குக்கு முன்னால் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகப் போடுங்கள். இதில் எந்த வரியாவது எழுத முடியாது என்று நினைத்தால், அதை ஏன் எழுத முடியாது என்று சங்கத்தின் பெயரிலேயே எழுதிக் கடை வாசலில் ஒட்டிவிடுங்கள், உள்ளே வருவதா வேண்டாமா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து,
நகைக்கடன் கவுன்ட்டரில் இருந்த ஒருத்தி